சூடு சொரணை இல்லாத தரை

இங்கிலாந்தில் பழைய வீட்டின் பின்பக்கத்தை இடித்துப் பெரிய சமையலறை கட்டுகிறவர்கள், கண்ணாடிக் கதவும் அலமாரியும் போக ரேடியேட்டர் மாட்டச் சுவரே மிச்சமில்லை என்று தெரிந்ததும் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் பதித்துவிடுகிறார்கள். வேலை கோடையில் முடிகிறது. அக்டோபர் கடைசியில் ஒருநாள் காலை டீ போட வெறுங்காலோடு வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது, ஆயிரக்கணக்கான பவுண்டை விழுங்கிய தரை ஐஸ் மாதிரி இருக்கிறது என்று. அந்தக் குளிர்ச்சியைக் குளிர்காலம் முழுக்கக் கட்டிக்காக்க விரும்புகிறவர்களுக்கு இதோ சில யோசனைகள்.

அவசரத்திலிருந்து ஆரம்பியுங்கள். குழாயின் மேல் கொட்டிய சிமெண்ட், மணல் கலவையை ஸ்க்ரீட் என்பார்கள். 65, 75 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அது காய 21 நாள் விட வேண்டும், பிறகு 25 டிகிரித் தண்ணீரை மூன்று நாள் ஓடவிட வேண்டும், அதன்பின் உச்ச வெப்பத்தில் நான்கு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரநிலை. விருந்தாளிகள் வரும் தேதி தரநிலைக்குத் தெரியுமா? முதல் நாளே உச்சத்துக்குத் திருகிவிடுங்கள். ஸ்க்ரீட் வெடித்தால் டைல்ஸும் கூடவே வெடிக்கும். பார்க்கிறவர்கள் புது டிசைன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியை மட்டும் திறக்காதீர்கள். ஒவ்வொரு குழாய்ச் சுற்றுக்கும் தண்ணீரைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்ட் அங்கேதான் இருக்கிறது. திறந்து தொலைத்தால் வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன கண்ணாடிக் குமிழ்கள் கண்ணில் படும். ஒவ்வொன்றும் ஒரு குழாய்ச் சுற்றில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் ஓடுகிறது என்று காட்டும். ஒன்று 2-ல் நிற்க, பக்கத்திலிருப்பது 0-வில் படுத்துக் கிடந்தால், அந்தச் சுற்றில் காற்று அடைத்திருக்கலாம். மற்ற சுற்றுகளை மூடி, ஒரு முனையில் ஹோஸ் செருகி, மறுமுனை ஹோஸை வாளியில் விட்டு, குமிழி வருவது நிற்கும்வரை தண்ணீரைத் தள்ளினால் காற்று வெளியேறிவிடும். ஒவ்வொரு சுற்றாகச் செய்ய வேண்டிய வேலை, அரைநாள் போகும். நீங்கள் மேலே இருக்கும் குட்டி வால்வை ஒரு திருகு திருகி, 'உஸ்' என்று சத்தம் வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

எழுவதற்கு முன் எல்லாச் சுற்றையும் முழுக்கத் திறந்துவிடவும் மறக்காதீர்கள். யாருக்கும் ஓரவஞ்சனை வேண்டாம். பந்திக்கு முந்துவதில் தண்ணீரை யாரும் மிஞ்ச முடியாது. கிட்டே இருக்கிற குட்டிக் குளியலறையின் 30 மீட்டர் சுற்றுக்குள் முதலில் பாய்ந்துவிடும். சமையலறையின் 90 மீட்டர்ச் சுற்றுக்கு மிச்சம் மீதிதான். நீளமான சுற்றுக்கு அதிகம், குட்டைக்குக் குறைவு என்று குமிழ்களைப் பார்த்துத் திருகி வைக்கிற பிளம்பர் கிடைத்தால் அவருக்குத் தவறாமல் ஒரு டீ போட்டுக் கொடுங்கள், அபூர்வப் பிறவி.

அடுத்தது வயரிங். இதில் கைவைத்தால்தான் முழுத் திருப்தி. முன்னறைத் தெர்மோஸ்டாட்டின் வயரை எலக்ட்ரீஷியன் குளியலறை வால்வோடும், குளியலறையுடையதை முன்னறை வால்வோடும் இணைத்திருப்பார். முன்னறை குளிர்கிறது என்று நீங்கள் ஏற்ற ஏற்ற, குளியலறை பாலைவனமாகும். குளியலறை தாங்கவில்லை என்று அதன் தெர்மோஸ்டாட்டைக் குறைத்தால் முன்னறையில் ஸ்வெட்டர் தேட வேண்டியிருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். எல்லாத் தெர்மோஸ்டாட்டையும் இறக்கிவிட்டு ஒன்றை மட்டும் ஏற்றுங்கள். ஐந்து நிமிடம் போல அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தால் எந்த வால்வின் தலை மெல்ல உயர்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். இவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிடுவதால்தான் இதை யாரும் செய்வதில்லை. பிளம்பர், எலக்ட்ரீஷியன், கொத்தனார் மூவரையும் வெவ்வேறு நாளில் கூப்பிடுவதே முறை. ஒரே நாளில் வந்தால் பேசித் தீர்த்துவிடக்கூடும்.

தெர்மோஸ்டாட்டை 30-க்கு ஏற்றினால் சீக்கிரம் சூடாகும் என்று நம்புங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும், எவ்வளவு வேகம் என்று தெரியாது. ஸ்க்ரீட் தரை மணிக்கணக்கில் ஏறி, மணிக்கணக்கில் இறங்கும். ஆகவே ரேடியேட்டருக்கு வைத்த அதே நேரத்தை இதற்கும் வையுங்கள்: காலை ஆறு முதல் எட்டு. நீங்கள் ரயிலைப் பிடித்து ஆபீஸ் போய்ச் சேர்ந்தபிறகு வீடு வெதுவெதுப்பாகும். பூனை சந்தோஷப்படும். இரவில் அணைக்காமல் இரண்டு மூன்று டிகிரி மட்டும் குறைத்து ஓடவிடுவது சோம்பேறிகளின் வழி. தரைக்கடியில் சூடேற்றுவது புதிதல்ல: இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ரோமானியர்கள் செங்கல் தூண்களின்மேல் தரையை நிறுத்தி, அடியில் அடுப்புப் புகையை ஓடவிட்டுக் குளியல் அறைகளைச் சூடாக்கினார்கள். அவர்களிடம் டைமர் இல்லை. விறகு தள்ள அடிமைகள் இருந்தார்கள்.

எல்லாம் சரியாக நடந்து தரை ஒழுங்காக வேலை செய்தாலும் ஏமாற இடமிருக்கிறது, கவலை வேண்டாம். மக்கள் புழங்கும் அறையில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக்கூடாது. மரத்தரை என்றால் பொதுவாக 27. உங்கள் உள்ளங்கையின் சூட்டைவிட இது குறைவு. குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, 'சூடே இல்லை' என்று பிளம்பருக்குப் போன் போடுங்கள். அறைக்காற்று 21 என்று காட்டும் தெர்மாமீட்டர் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும், அதைப் பார்க்க வேண்டாம்.

நிஜமாகவே சூடு வரவில்லை என்றால், பாய்லர் பில் மட்டும் எகிறினால், ஸ்க்ரீடுக்குக் கீழே போட வேண்டிய இன்சுலேஷன் பலகையைக் கட்டியவர் மெலிசாகப் போட்டாரா, போடவே இல்லையா என்பதை இனித் தரையை உடைத்துத்தான் அறிய முடியும். பணம் எங்கும் வீணாகவில்லை. தோட்டத்து மண்புழுக்கள் உங்கள் செலவில் சௌகரியமாக இருக்கின்றன.

இவ்வளவுக்கும் பிறகு ஜனவரியில் தரை தப்பித்தவறி சூடாகிவிட்டால் உடனே தள்ளுபடி விற்பனைக்குப் போங்கள். கால் புதையும் கம்பளமும், அதற்கடியில் விரிக்கத் தடிமனான ஃபோமும் வாங்குங்கள். இரண்டும் சேர்ந்து சூட்டைத் தடுக்கும் அளவு 2.5 டாக்குக்கு மேல் போகக்கூடாது என்று விற்பனையாளர் சொன்னால், அழுத்திப் பார்த்து அதைவிடப் பஞ்சுபஞ்சாக இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சோஃபாவையும் கால் இல்லாததாகப் பார்த்து வாங்கிவிடுங்கள்.