ஃபியூஸ் போகாது சார்!

பழைய அடுக்குமாடியில் வைரிங் போட்ட காலத்தில் வீட்டுக்கு இரண்டு ஃபேன், நாலு டியூப்லைட், மிஞ்சினால் ஒரு ரேடியோ. அந்த 5 ஆம்பியர் பாயிண்டில்தான் இப்போது கன்வெர்ட்டர் சொருகி, ஒன்றரை டன் விண்டோ ஏசியை செல்போன் சார்ஜரோடு பந்தியில் உட்கார வைக்கிறோம். ஓடும்போதே 7, 8 ஆம்பியர் இழுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும்போது இன்னும் பல மடங்கு. பிளக் பழுப்பேறி, தீய்ந்த வாடை வந்தால் ஊதுபத்தி ஏற்றிவிடுகிறோம்.

ஃபியூஸ் போனதும் தடிமனான கம்பியைச் சுற்றி, "இனி போகவே போகாது சார்" என்கிறார் எலெக்ட்ரீஷியன். வாஸ்தவம். இனி சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் போகும். தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 16 ஆம்பியர் பாயிண்ட், எர்த், எம்.சி.பி. என்று கேட்டால், "சுவரை உடைக்கணுமே" என்கிறார் ஹவுஸ் ஓனர். அசோசியேஷன் மீட்டிங்கிலோ, ஏசித் தண்ணீர் கீழ்வீட்டு வடகத்தில் சொட்டுவது ஒன்றுதான் பிரச்சினை.