புத்துயிர் கொடுக்க வந்தவரும் பொத்தான் விற்பவரும்

பெங்களூரு கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலிருந்து பிரியும் ஒரு சந்து. பொத்தான், லேஸ், லைனிங், சேலை ஃபால்ஸ் விற்கும் கடை. ஆள் நிற்கும் இடத்தைவிடப் பொத்தான் டப்பாக்கள் அடுக்கிய இடம் அதிகம். மதியம் மூன்று மணி. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட்டுடன் ஓர் இளைஞர் படியேறுகிறார். ஊர் கோவை, குடியிருப்பு ஒயிட்ஃபீல்டு, வேலை களையிழந்த கடைத்தெருக்களுக்குப் புத்துயிர் கொடுப்பது. கடைக்காரர் கன்டோன்மென்ட்டில், அந்தக் காலத்து ஆட்கள் ‘தண்டு’ என்று சொல்லும் பகுதியில், பிறந்து வளர்ந்த தமிழர். இருவரும் கற்பனை; தெரு நிஜம்.

ஆலோசகர்: வணக்கமுங்க சார். உங்க தெருவுக்கு உயிர் கொடுக்கற திட்டம் ஒண்ணு தயார் பண்றோம். கொஞ்ச நேரம் பேசலாமுங்களா?

கடைக்காரர்: குந்து தம்பி. உயிர் போச்சுன்னு யாரு சொன்னது?

ஆலோசகர்: டேட்டா சொல்லுதுங்க. ஃபுட்ஃபால் கொறைஞ்சிருக்குது.

கடைக்காரர்: அதுக்கு டேட்டா இன்னாத்துக்கு? கல்யாண சீசன்ல, மூணு மணிக்கு, நான் உன்கிட்ட பேசிக்கினு கீறேன் பாரு. அதைவிட வேற சாட்சி வேணுமா?

ஆலோசகர்: இதுக்கு யாரு காரணம்னு நெனைக்கறீங்க?

கடைக்காரர்: காமராஜர்.

ஆலோசகர்: (திடுக்கிட்டு) யாருங்க?

கடைக்காரர்: காமராஜ் ரோடுப்பா. எம்.ஜி. ரோடு அண்டர்கிரவுண்ட் மெட்ரோ ஸ்டேஷனைத் தோண்டணும்னு 2019 ஜூன்ல மூடினாங்க. ஒரு பக்கம் மட்டும் தொறந்தது 2024-ல. அஞ்சு வருசம் ஜனங்க ஊரைச் சுத்திக்கினு வந்தாங்க. நடுவுல கொரோனா. கடை மூடிக் கெடக்குதே, இதான் சமயம்னு ஸ்மார்ட் சிட்டிக்காரங்க 2020-ல நம்ம தெருவையும் பேத்துட்டாங்க. வர வழியும் இல்ல, வந்தா வாசலும் இல்ல.

ஆலோசகர்: ஆனா அதுக்கப்புறம் கல்லு பதிச்சு அழகு பண்ணிட்டாங்களே?

கடைக்காரர்: பண்ணாங்க. 2021-ல மழை வந்துச்சு. பதிச்ச கல்லு எழுந்து நின்னுச்சு. அதைப் பேத்துட்டு மறுபடியும் பதிச்சாங்க. ஆக, ரெண்டு தபா புத்துயிர் வாங்கின தெரு நம்முளுது. நீ மூணாவது.

ஆலோசகர்: எங்க அணுகுமுறை வேறங்க. வண்டியே இல்லாத தெரு. சர்ச் ஸ்ட்ரீட்டைப் பாருங்க. 2018-ல புதுப்பிச்சாங்க. 2020 நவம்பர்ல இருந்து சில மாசம் சனி, ஞாயிறு வண்டிகளை நிறுத்திட்டாங்க. ஜனங்க அலையலையா வந்தாங்க.

கடைக்காரர்: சர்ச் ஸ்ட்ரீட்டுல காபி கீது, பியர் கீது, பழைய புக்கு கீது. நடந்து வர்றவன் உக்காருவான், குடிப்பான், ஒரு புக்கைப் புரட்டுவான். நம்மகிட்ட வர்றது டெய்லர். பத்து மீட்டர் லைனிங், நாலு பாக்கெட் ஹூக்கு, ஒரு டஜன் பாபின். அதைத் தோள்ல போட்டுக்கினு செல்ஃபி எடுப்பானா?

ஆலோசகர்: சென்னை பாண்டி பஜாருக்குப் போயிருக்கீங்களா? 2019 நவம்பர்ல நடைபாதை வளாகம் தொறந்தாங்க.

கடைக்காரர்: போனேன். பெரிய பெஞ்சு, நல்ல காத்து. ஒரு மணி நேரம் குந்திக்கினு இருந்தேன், ஐஸ்கிரீம் சாப்ட்டேன்.

ஆலோசகர்: பார்த்தீங்களா! என்ன வாங்கினீங்க?

கடைக்காரர்: அதான் சொன்னேனே, ஐஸ்கிரீம்.

ஆலோசகர்: (டேப்லெட்டில் எதையோ அழித்துவிட்டு) சரிங்க, உங்க வாடிக்கையாளர்ல எத்தனை பேர் கார்ல வர்றாங்க?

கடைக்காரர்: பாதிப் பேர். வண்டியை நிறுத்தினா பாதி வியாபாரம் படுத்துடும்.

ஆலோசகர்: இங்கிலாந்துல பிரிஸ்டல்னு ஒரு ஊருங்க. 2006-ல அங்க ஒரு கடைத்தெருவுல இதே கேள்வியைக் கேட்டாங்க. நூத்துக்கு 41 பேர் கார்ல வர்றாங்கன்னு கடைக்காரங்க சொன்னாங்க. எண்ணிப் பார்த்தா 22 பேர்தான். நான் வந்ததுல இருந்து உங்க கடைக்கு ஆறு பேர் வந்தாங்க. மூணு பேர் நடந்து, ரெண்டு பேர் ஆட்டோவுல, ஒரு அம்மா சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி. கார்ல ஒருத்தரும் வரலீங்க.

கடைக்காரர்: எப்படி வருவான்? பார்க்கிங் கிடைக்காம சுத்திக்கினு இருப்பான்.

ஆலோசகர்: வாசலை அடைச்சு ஒரு ஸ்கூட்டர் நிக்குதே, அது யாருதுங்க?

கடைக்காரர்: நம்முளுதுதான். காலைல வெச்சா ராத்திரி ஷட்டர் எறக்கும்போதுதான் எடுப்பேன். நடுவுல எடுத்தா வேற எவனாவது வெச்சிடுவான்ல?

(ஆலோசகர் ஆழமாக மூச்சு விடுகிறார். அவர் சட்டைக் கையில் ஒரு பொத்தான் இல்லை. கடைக்காரர் பேச்சை நிறுத்தாமலே கையைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார். மூன்று டப்பாக்களைத் திறந்து, நான்காவதில் அச்சு அசலான பொத்தானை எடுக்கிறார்.)

கடைக்காரர்: ரெண்டு ரூபா.

ஆலோசகர்: ஸ்கேனர் எங்கீங்க?

கடைக்காரர்: கேஷ்.

ஆலோசகர்: என்கிட்ட கேஷே இல்லீங்க. சுவத்துல கியூஆர் ஒட்டியிருந்த பசை மட்டும் தெரியுது.

கடைக்காரர்: 2025 ஜூலையில கிழிச்சது. டீக்கடை, பேக்கரின்னு ஆயிரக்கணக்கான பேருக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்துச்சே, ஞாபகம் இல்லையா? நாலு வருசமா போன்ல வந்த பணத்தை மொத்தமாக் கூட்டி, இந்தா பில்லுன்னாங்க. பாலு வித்த காசுக்கு வரி கிடையாது, அதுவும் அதுல கீது. மச்சான் கைமாத்து திருப்பிக் குடுத்தது, அதுவும் அதுலதான் கீது. ‘நோ யூபிஐ’ன்னு ஊரெல்லாம் போர்டு தொங்குச்சு. கடையடைப்புன்னதும் முதலமைச்சரே கூப்பிட்டுப் பேசி, பழைய பாக்கி கேக்க மாட்டோம், இனிமே பதிவு பண்ணிக்குங்கன்னாரு.

ஆலோசகர்: சட்டம் சட்டந்தானுங்களே. சரக்கு விற்பனை வருஷம் 40 லட்சத்தைத் தாண்டினா பதிவு பண்ணித்தான் ஆகணும்.

கடைக்காரர்: வரி கட்ட மாட்டேன்னு நான் சொன்னேனா? எவ்ளோ விக்குதுன்னுதான் சொல்லல. ரெண்டு ரூபா அப்புறம் குடு, கணக்குல எழுதிக்கிறேன். பாரு, இந்த நோட்டு ஹேங் ஆகாது.

ஆலோசகர்: உங்க தெருவோட பாரம்பரியத்தை வெளிய கொண்டு வரணுங்க. ஹெரிடேஜ் வாக் விடலாம். 1809-ல பட்டாளம் வந்து எறங்கின கதை…

கடைக்காரர்: விடு, விடு. ஆர்க்காட்டு நாராயணசாமி முதலியாரையும் சேத்துக்கோ. இப்ப ஹைகோர்ட்டா கீதே, அந்த அட்டாரா கச்சேரியைக் கட்டின காண்ட்ராக்டர். 1873-ல பள்ளிக்கூடமும் ஆரம்பிச்சாரு. கன்டோன்மென்ட்ல வியாபாரம் பண்ணி மேல வந்த மனுசன். அவருக்கு யாரும் பெஞ்சு போட்டுத் தரல.

ஆலோசகர்: அருமைங்க! அப்படியே கடைகளுக்கெல்லாம் ஒரே நிறத்துல போர்டு வெச்சா…

கடைக்காரர்: போர்டா? 2024 பிப்ரவரி 28-க்குள்ள அறுபது சதவீதம் கன்னடம்னு உத்தரவு வந்துச்சு. நியாயந்தான், அவங்க ஊரு. ராத்திரி கடை டேப்பை வெச்சு நானே எழுத்து எழுத்தா அளந்தேன். அம்பத்தெட்டு வந்துச்சு. மறுநாளே மாத்தினேன். பெயின்டர் வந்தது, நான் ஏணி புடிச்சது எல்லாம் போட்டா அதுவே ஒரு ஹெரிடேஜ் வாக்கு. மறுபடியும் போர்டுன்னா உன் செலவு.

ஆலோசகர்: பட்ஜெட்ல அதுக்கு இடமில்லீங்க. அறிக்கைக்குத்தான் இருக்குது. அப்புறம், நடைபாதைக் கடைக்காரங்களைப் பத்தி உங்க கருத்து?

கடைக்காரர்: அவங்களை மொதல்ல தூக்கணும். வாடகை, வரி, கரெண்டு எல்லாம் நான் கட்டறேன், அவன் சும்மனே தார்பாய் விரிக்கிறான்.

ஆலோசகர்: 2014 சட்டப்படி அவங்களுக்கும் உரிமை இருக்குதுங்க. கணக்கெடுத்து இடம் ஒதுக்கணும். உங்க படியிலயே சாக்ஸ் விக்கறாரே, அவரையும் தூக்கணுமா?

கடைக்காரர்: அவனை விட்டுடு. நான் சாப்பிடப் போனா அவன்தான் கல்லாவைப் பாத்துக்கிறான்.

(ஒரு டெலிவரிப் பையன் ஓடி வந்து, கடைக்காரரிடம் ஓர் அட்டைப் பெட்டியை நீட்டுகிறான். அவர் அதைச் சட்டென்று காலுக்கடியில் தள்ளுகிறார்.)

ஆலோசகர்: அது என்னங்க?

கடைக்காரர்: பேரனுக்கு ஷூ.

ஆலோசகர்: எதிர்ல, பக்கத்துல, மூலையில, நாலு ஷூ கடை இருக்குதே?

கடைக்காரர்: விலை ஜாஸ்தி சொல்றான். உன்னை மாதிரி ஆளுங்க வெச்ச கம்பெனியில கம்மி. நம்ம ஊருக் கம்பெனிதானே, உள்ளூர் வியாபாரத்தை ஆதரிக்கணும்ல?

ஆலோசகர்: (சிரிப்பை அடக்கி) சரி, கல்லு வேண்டாம், பெஞ்சு வேண்டாம், போர்டு வேண்டாம். இந்தத் தெரு பொழைக்க உண்மையில என்ன வேணுங்க?

கடைக்காரர்: இப்பத்தான் கேட்ட. பாரு, ஒரு பொம்பளை சேலை எடுக்க வர்றா. சேலை பெரிய கடையில. ஃபால்ஸ் நம்மகிட்ட. அதைத் தைக்கிறவன், பீக்கோ அடிக்கிறவன் ரெண்டு பேரும் மாடியில. பிளவுஸ் துணி கலர் சேரலன்னா பின்சந்துல சாயம் போடறவன், வெந்நியில முக்கி அரை மணியில அதே கலர்ல குடுப்பான். அவன் இருக்கறதாலதான் அவ ஜயநகர்ல இருந்து இங்க வர்றா. போன வருசம் மாடிக்கு வாடகை ஏத்தினாங்க. பீக்கோக்காரன் கே.ஆர். புரத்துக்குப் போயிட்டான். அப்புறம் அந்த மாடிக்கு ஐபோன் கவர் விக்கறவன் வந்தான். பீக்கோக்காரன் போன அன்னிக்கே எனக்கும் வியாபாரம் கொறைஞ்சு போச்சு. சாயக்காரனும் போனான்னா, சேலைக்கடை மட்டும் இருந்து இன்னா பிரயோஜனம்? சேலை மால்லயும் கிடைக்கும். மாடி வாடகைக்கு ஏதாவது வழி பண்ணு. கக்கூஸ் ஒண்ணு கட்டு. இந்த ஊருல ஒரு பொம்பளை மூணு மணி நேரம் கடை கடையா ஏறி எறங்கினா எங்க போவா? எழுதிக்கோ.

ஆலோசகர்: (வேகமாகத் தட்டுகிறார்) சூப்பருங்க! ‘லைவ் டையிங் கவுன்ட்டர்.’ கண்ணாடி அறை, உள்ள கைவினைஞர், வெளிய காபி. எக்ஸ்பீரியன்ஸ் எகானமி!

கடைக்காரர்: கண்ணாடி அறையிலயா? அவனுக்கு ஆவி போக ஜன்னல் வேணும்பா.

ஆலோசகர்: அதை ரெண்டாங்கட்டத்துல பார்க்கலாமுங்க. கழிப்பறையும் ரெண்டாங்கட்டம். மொதக் கட்டத்துல…

கடைக்காரர்: கல்லு.

ஆலோசகர்: கிரானைட்டுங்க. இது எழும்பாது.

கடைக்காரர்: வியாபாரிங்க கிட்ட எப்பப்பா கருத்து கேப்பீங்க?

ஆலோசகர்: அடுத்த வியாழக்கிழமை, பங்குதாரர் கூட்டம். நீங்க அவசியம் வரணுமுங்க. ரெசிடென்சி ரோடு பக்கம் ஒரு பெரிய ஓட்டல்ல வெச்சிருக்கோம்.

கடைக்காரர்: தெருவைப் பத்தின கூட்டத்தைத் தெருவுலயே வெச்சா இன்னா? மேல மாடி காலியாத்தான் கீது, ஐபோன் கவர்காரனும் போயிட்டான்.

ஆலோசகர்: எங்க டீம் எல்லாம் கார்ல வர்றாங்க சார். இங்க பார்க்கிங் கிடைக்காதுங்களே.