முள் எழாமை: அம்பாசடர் வேகமானி குறித்த ஓர் அளவையியல் ஆய்வு

ஒன்றை அறிந்துகொள்ள வழி மூன்று என்பது சைவ சித்தாந்திகளின் துணிபு: காண்டல், கருதல், உரை. மூன்றும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு நிற்கும் இடம் உலகில் அரிது. மீட்டர் பழுதான அம்பாசடரின் ஓட்டுநர் இருக்கை அவற்றுள் ஒன்று. முள் பூஜ்யத்தில் படுத்திருக்கிறது. ஆகவே வண்டி நிற்கிறது என்பது காண்டல். புளியமரங்கள் பின்னால் போகின்றன. ஆகவே வண்டி ஓடுகிறது என்பது கருதல். (மரம் போவதும் கண்ணால் கண்டதுதானே என்று தடை எழுப்புவோர்க்கு விடை: மரம் போகாது என்று முன்பே தெரிந்திருப்பதால்தான் வண்டி போவதாகக் கொள்கிறோம்.) "கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுறியே, முருகா" என்று பின்சீட்டிலிருந்து வருவது உரை. இம்முரணை ஆராயாமல் விட்டது தமிழ் ஆய்வுலகின் குறை. உத்தரபாராவில் 2014இல் உற்பத்தி நின்றுவிட்டபடியால் ஆய்வுப்பொருளும் இனிப் பெருகப்போவதில்லை. இருப்பவை துருவேறித் தீருமுன் எழுதியாக வேண்டும்.

முதற்கண் கருவி. பழைய கார்களின் வேகமானி, ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஓட்டோ ஷுல்ட்செ 1902இல் காப்புரிமை பதிந்த கொள்கையில் இயங்குவது. கியர்பாக்ஸின் பின்புறத்தில் ஒரு சிறு பினியன் இருக்கிறது. அது சுற்றினால் அதில் செருகிய கேபிள் சுற்றும். கேபிள் சுற்றினால் டேஷ்போர்டுக்குள் ஒரு காந்தம் சுற்றும். காந்தத்தை ஒட்டினாற்போல் ஓர் அலுமினியக் கிண்ணம். அதன் அச்சில்தான் முள். ஆனால் காந்தமும் கிண்ணமும் தொட்டுக்கொள்வதே இல்லை. சுழலும் காந்தம் கிண்ணத்தினுள் சுழல் மின்னோட்டங்களைக் கிளப்புகிறது. அவை கிண்ணத்தைக் காந்தத்தோடு வா என்று இழுக்கின்றன. தலைமயிரளவு மெல்லிய சுருள்வில் ஒன்று போகாதே என்று பிடித்துக்கொள்கிறது. இழுப்பும் பிடிப்பும் சமனாகும் இடத்தில் முள் நிற்கிறது. அதை நாம் மணிக்கு 50 என்று படிக்கிறோம். தீண்டாமலே காரியம் நடக்குமா என்று தருக்க நூலார் கேட்கக்கூடிய கேள்விக்கு, பேட்டரி வயர் ஒன்றுகூட இல்லாமல் விடை சொன்ன கருவி இது.

அதே கேபிளே பற்சக்கரங்கள் வழியாக ஓடோமீட்டரையும் திருப்புகிறது. நோய் நாடுவதற்கு இந்த ஓர் உண்மை போதும். முள்ளும் எண்களும் சேர்ந்து செத்திருந்தால் கேபிள் அறுந்திருக்கிறது. அல்லது அதன் சதுர நுனி தேய்ந்து உருண்டையாகிவிட்டது. அல்லது பினியன் பல் போயிற்று. முள் ஆடி எண்கள் நின்றால் மீட்டருக்குள் பற்சக்கரம் உடைந்தது. எண்கள் ஓடி முள் மட்டும் கிடந்தால் கிண்ணமோ சுருள்வில்லோ காரணம். முள் 30க்கும் 60க்கும் நடுவே நடுங்கினால், கேபிள் உறைக்குள் கிரீஸ் காய்ந்திருக்கிறது அல்லது எங்கோ கேபிள் கூடுதலாக மடங்கியிருக்கிறது. கம்பி முறுக்கேறி முறுக்கேறி விடுபடுவதையே முள் காட்டுகிறது. இத்தனை தெளிவான நோய்க்குறிகளை மனித உடம்பிலும் காண்பது கடினம்.

சிகிச்சையும் எளிதே. புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ கேபிள் வாங்கலாம். பழையதே நல்ல நிலையில் இருந்தால் உள் கம்பியை உருவி, மண்ணெண்ணெயில் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவிச் செருகலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. மீட்டர்ப் பக்கத்து நுனியில் நான்கு விரற்கடைக்கு கிரீஸ் கூடாது. "நல்லா வழவழன்னு இருக்கட்டும் சார்" என்ற தாராள மனத்தோடு பூசப்படும் கிரீஸ், கம்பியின் முறுக்கு வழியே திருகாணிபோல் ஏறி மீட்டருக்குள் புகும். தொடக்கூடாத காந்தத்தையும் கிண்ணத்தையும் ஒட்டவைத்துவிடும். பிறகு சைதாப்பேட்டை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியின் முள் கடைசி எண்ணில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். இதனை 'எழாமை'க்கு எதிர்மறையான 'அமராமை' எனத் தனிப்பிணியாக வகுக்க வேண்டும்.

இவ்வளவு எளிய பழுது ஏன் ஆண்டுக்கணக்கில் சரிசெய்யப்படாமல் கிடக்கிறது? 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117ஆம் விதி, வேகத்தை ஓட்டுநருக்குக் காட்டும் கருவி வேண்டும் என்கிறது. சட்டமும் கேட்கிறது, செலவும் அதிகமில்லை. ஆனாலும் கைவைப்பார் இல்லை. சோம்பல் என்பது மேலோட்டமான விளக்கம். ஓடோமீட்டர் நின்ற நாளோடு வண்டிக்கு வயது ஏறுவது நின்றுவிடுகிறது என்பதே எம் கோட்பாடு. 62,000இல் நின்றால், பேத்தி கல்யாணம் வரை அது 62,000தான். விற்கும்போது புரோக்கர் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. கண்ணாடியைச் சட்டைக்கையால் துடைத்துக் காட்டினால் போதும். கேபிள் அறாத வண்டிக்கோ ஐந்து இலக்க ஓடோமீட்டர் 99,999க்குப் பிறகு ஐந்து சுழியமாகி மறுபிறவி தருகிறது. முன்னது சிரஞ்சீவித் தன்மை, பின்னது பிறவிச் சுழற்சி. உரிமையாளர்கள் முன்னதை விரும்புவதில் வியப்பில்லை.

வேகத்துக்கு அவர்கள் தனி அளவைகள் வைத்திருக்கிறார்கள். டி.வி.எஸ். 50 நம்மை முந்தினால் வேகம் போதாது. இடப்பக்கக் கதவுக் கண்ணாடி நடுங்கத் தொடங்கினால் நாற்பது. கியர்க்கம்பி கூடச் சேர்ந்துகொண்டால் ஐம்பது. அதற்கு மேல் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. அவ்வேகம் 'எண்பது' என்று மரபாக வழங்கப்படுகிறது.

இந்த எண்பதைச் சோதிக்கும் வாய்ப்பு எமக்கு ஒருமுறை கிட்டியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், எங்கள் வற்புறுத்தல் தாளாமல் கேபிள் மாற்றினார். அவர் எண்பது என்று நம்பிவந்த வேகத்தில் முள் 55ஐக் காட்டியது. அவர் வண்டியை நேரே பட்டறைக்குத் திருப்பினார்.

"மீட்டர் தப்பாக் காட்டுதுப்பா."

நடுநிலை காக்கும் பொருட்டு யாம் நெடுஞ்சாலைக்குப் போய், மஞ்சள் தலை கொண்ட அடுத்தடுத்த இரு கிலோமீட்டர் கற்களுக்கிடையே அதே வேகத்தில் ஓட்டச்சொல்லி நேரம் பார்த்தோம். 65 வினாடி. 3600ஐ வினாடியால் வகுத்தால் வேகம். முள் சொன்னது மெய். கல்லை யாரோ பிடுங்கித் தள்ளி நட்டிருப்பார்கள் என்பது தலைமையாசிரியர் தரப்பு.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சமாதானம் சொன்னார். "சார், முள்ளு சும்மா அச்சுல சொருகியிருக்குறதுதான். புடுங்கி ஒரு இருபத்தஞ்சு தள்ளிச் சொருகித் தரட்டா?"

இதில் ஆய்வாளன் குறுக்கிட நேர்ந்தது. ஐக்கிய நாடுகளின் வாகன விதி எண் 39, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டலாகாது என்கிறது. கூட்டிக் காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கும் அதன்மேல் 4 கிலோமீட்டரும்தான் உச்சவரம்பு. அவ்விதி அம்பாசடரைக் கட்டுப்படுத்தாது. எனினும் மேற்கோள் இல்லாத குறுக்கீடு ஆய்வாளனுக்கு அழகன்று. 55க்குக் கணக்கிட்டால் சலுகை ஒன்பதரை.

தலைமையாசிரியர் சற்று யோசித்தார். "சரிப்பா, பத்தா வச்சிரு."