சம்பளமில்லாத கங்காணிகள்

இந்த நாட்டில் தண்டவாளம் போட்டதிலும், தார்ச்சாலை போட்டதிலும், தோட்டத்துக்குள் மண்பாதை வெட்டியதிலும் நம்மவர் முதுகு வளைந்திருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பக்கம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், ரயில்வேயிலோ ஜே.கே.ஆர். என்னும் பொதுப்பணித் துறையிலோ வேலை பார்த்த ஒரு தாத்தா மாலையோடு சுவரில் தொங்குவார். அவர்கள் எல்லாரும் கூலி வாங்கிக்கொண்டுதான் மண்வெட்டியைத் தொட்டார்கள். அற்பக் கூலிதான், ஆனாலும் கூலி. மூன்றாவது தலைமுறையாகிய நான் சொந்தக் காசில் கையுறை வாங்கி, சொந்தக் காசில் எம்.ஆர்.டி. ஏறி, ஞாயிற்றுக்கிழமைகளில் புக்கிட் கியாராவில் இனாமாக மண் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் என் பாட்டியின் காதுக்குப் போனது. கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். காது மந்தம் என்பார்கள். பணம் பற்றிய பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்கும்.

"கூலி எவ்வளவுய்யா?"

"கூலி இல்ல பாட்டி. சும்மாத்தான்."

"சாப்பாடு?"

"நாமதான் கொண்டு போகணும்."

"கங்காணி யாரு?"

ஓய்வுபெற்ற சீன இன்ஜினியர் ஒருவர் என்றேன். அவருக்காவது சம்பளம் உண்டா என்று கேட்டார். அவருக்கும் இல்லை. பாட்டி என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார். "டாக்டர்கிட்ட காட்டுனியாம்மா?" என்று கேட்பதற்கு முன்னால் வரும் பார்வை அது.

கியாராவைத் தெரியாதவர்களுக்கு: தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலின் முதுகுப்பக்கம் இருக்கும் குன்று அது. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போன பிறகு மரங்கள் பாட்டுக்கு வளர்ந்து காடாகிவிட்டன. அந்தக் காட்டுக்குள் மலைச் சைக்கிள்காரர்களும் நடைக்காரர்களும் கையாலேயே வெட்டிய ஒற்றையடிப் பாதைகள் வலைபோல ஓடுகின்றன. கோலாலம்பூர், சிலாங்கூர் பாதைகளுக்கென்று டிராக்ஸ் என்ற சங்கமே இருக்கிறது. எங்கள் கூட்டத்துக்கு அந்த அளவு அந்தஸ்து கிடையாது. எங்களிடம் இருப்பது ஒரு வாட்ஸப் குழு. அதில் 'வருகிறேன்' என்று கட்டைவிரலைக் காட்டுபவர்களை வைத்து நெடுஞ்சாலையே போடலாம். நேரில் வருபவர்களை வைத்து ஒரு சமையலறைக் குழாயைக்கூடச் சரிசெய்ய முடியாது.

இந்தத் தோட்டத்தில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் அதே குன்றின் அடிவாரத்தில்தான் நீளவீடுகளில் குடியேற்றப்பட்டன. நிரந்தர வீடு வரும் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்தவர்கள் அவர்கள். அங்கேயே இருக்கும் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வந்தபோது, அதற்குள் இவர்களுக்கான வீடுகளும் சேர்க்கப்பட்டிருந்தன. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் திட்டத்துக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்தது. பூங்கா பிழைத்தது. நானும் மகிழ்ந்தேன். ஆனால் நீளவீட்டுப் பக்கமாக நடந்துபோகும்போது அந்த மகிழ்ச்சியைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பாதைக்கு வருவோம். காட்டுப்பாதை என்றால் காட்டை வெட்டுவது என்று நினைத்துத்தான் நானும் ஒரு பாராங் கத்தியோடு போய் நின்றேன். இன்ஜினியர் அங்கிள் அதை மரியாதையாக வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். எங்கள் எதிரி மரமில்லை, தண்ணீர். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை; சென்னைக்கு ஏறத்தாழ 1,400தான், அதற்கே அங்கே படகு விடுகிறார்கள். இந்த மழை முழுவதும் கியாராவின் செம்மண் சரிவில் இறங்கும்போது, கண்ணில் படும் முதல் பள்ளத்தில் ஓடும். பாதைதான் அந்தப் பள்ளம். தண்ணீர் கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி. வாசலிலேயே வழிகாட்டி அனுப்பிவிட வேண்டும், உள்ளே உட்காரவிட்டால் எழுந்திருக்காது.

ஆகவே பாதை மலையில் நேராக ஏறக்கூடாது, குறுக்காகச் சுற்றி ஏற வேண்டும். பத்தடி நடந்தால் ஓரடிக்கு மேல் உயரக்கூடாது. பாதையின் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும், விழுந்த தண்ணீர் அப்படியே பள்ளத்தாக்குப் பக்கம் வழிந்து போய்விடும். இடையிடையே பாதை சற்று இறங்கி ஏற வேண்டும், ஓடிவரும் தண்ணீர் அங்கே திசைமாறி வெளியேறும். இதையெல்லாம் அங்கிள் ஒரு குச்சியால் தரையில் படம் வரைந்து விளக்கினார். ஆங்கிலம், மலாய், நடுநடுவே கண்டோனிய மொழியில் ஒரு சலிப்பு. எல்லாம் முடிந்ததும் "தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்பார். நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு திசையைக் காட்டுவோம்.

ஒரு வளைவு மட்டும் என்ன செய்தும் சேறாகவே கிடந்தது. கல் போட்டோம், கட்டை போட்டோம், கூட்டம் போட்டோம். அதன் படத்தை வீட்டில் பாட்டியிடம் காட்டினேன், பேரன் படும் பாடு தெரியட்டுமே என்று. கைபேசியைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தவர், "கான் வெட்டியிருக்கீங்க, கான்வாய அடைச்சு வச்சிருக்கீங்களே. கீழ்ப்பக்கம் எலையும் மண்ணும் மேடு கட்டி நிக்குது பாரு" என்றார். தோட்டத்து மொழியில் கான் என்றால் வாய்க்கால். அடுத்த ஞாயிறு போய் அந்த மேட்டை வழித்துவிட்டோம். ஒரே மழையில் வளைவு காய்ந்தது. அங்கிள் பரவசமாகி, பாட்டியை உடனே குழுவில் சேர்க்கச் சொன்னார். பாட்டியிடம் கேட்டேன். போக்குவரத்துப் படியும் பசியாறலும் தருவதாக இருந்தால் யோசிப்பாராம்.

பாட்டிக்கு எங்கள் சாமான்களைப் பார்த்தால்தான் சிரிப்பு அடங்காது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கொசுவத்தி புகைய, மங்கும் உளியுமாகக் காட்டுக்குள் இறங்கிய மனுஷி அவர். அதே நெற்றிவிளக்கை நான் கடையில் கொடுத்த விலையைக் கேட்டு, "அந்தக் காசுக்கு மரமே வாங்கியிருக்கலாமே" என்றார். அட்டைக்குச் சிறப்புக் காலுறை ஒன்று விற்கிறார்கள். முழங்கால்வரை வரும், திருமணப் பட்டைவிட மென்மையாக இருக்கும். அட்டைகள் அதன்மேல் ஏறி, முடிகிற இடத்தில் காத்திருந்து கடிக்கின்றன. சிலாங்கூரில் இருக்கும் குனோங் நுவாங்கில், 1,493 மீட்டர் மலையில், ஏறும் வழியில் ஒரு முகாமிடத்துக்குக் கெம் பாச்சாட் என்றே பெயர். அட்டை முகாம். பெயர் வைத்தவர் ஒளிவுமறைவு இல்லாதவர்.

மழைக்கு ஒதுங்க ஒரு பொண்டோக் கட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், வாட்ஸப் கட்டைவிரல்கள் எல்லாம் உயிர்பெற்று வந்துவிட்டன. வாய்க்கால் வெட்ட முதுகுவலி சொன்னவர்கள் தகரம் தூக்கிக்கொண்டு மேலேறினார்கள். கூரை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு மாதம் விவாதம் நடந்தது. பொண்டோக் முடிந்தபோது அதற்குப் போகும் பாதை முடியவில்லை. ஆனாலும் முதல் நாளே உள்ளே இடமில்லை. மூன்று ஆன்ட்டிகள், ஒரு நாசி லெமாக் பொட்டலக் குவியல், ஒரு குரங்குக் குடும்பம். பினாங்கு மலைச்சாலையில் தன்னார்வலர்கள் தேநீர்க் குடிலே நடத்துகிறார்கள் என்று ஒருவர் எடுத்துச் சொன்னார். இப்போது தே-ஓ போடுவதற்கு ஒரு துணைக்குழு இருக்கிறது. எங்கள் இயக்கத்தில் கூட்டம் தவறாமல் கூடும் ஒரே பிரிவு அது.

நம்மவர்களை அதிகமாக வரவழைக்கக் குழுவில் இருக்கும் கிள்ளான் நண்பர் ஒருவர் ஒரு யோசனை வைத்திருந்தார். "மேல ஒரு வேல் நட்டுடுங்க சார். அடுத்த வாரம் பாதை தானா வந்துடும்." விளையாட்டாகச் சொன்னாலும் அவர் கையில் ஆதாரம் இருந்தது. 2018 கும்பாபிஷேகத்துக்கு முன் பத்துமலையில் திருப்பணி நடந்தபோது, ஏறுபவர்களிடமே செங்கல்லும் மணலும் கொடுத்து மேலே கொண்டுபோகச் சொன்னார்கள். வெள்ளைக்காரச் சுற்றுப்பயணிகள்கூட வாளியோடு 272 படி ஏறினார்கள். சம்பளம் கேட்டதாகத் தெரியவில்லை. கினாபாலு மலையில் கதை வேறு. ஏறுபவர்கள் இரவு தங்கும் லாபான் ராத்தா 3,272 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே முட்டையும் எரிவாயுவும் சுமைக்காரர்களின் முதுகில்தான் போகின்றன, ஆனால் கூலிக்கு. அதே 272க்கு முன்னால் ஒரு மூவாயிரம் சேர்ந்ததும் பக்தி சம்பளமாகிவிடுகிறது. வேல் யோசனையை அங்கிளிடம் மொழிபெயர்த்தேன். அவர் ஆட்சேபிக்கவில்லை. அபிஷேகத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று மட்டும் கேட்டார்.

எங்கள் வேலையின் பெரிய சோகம், நன்றாகச் செய்தால் தெரியாது என்பதுதான். ஒழுங்காக வடியும் பாதையில் நடப்பவர் அதை இயற்கை என்று எண்ணுகிறார். ஒரு மரம் குறுக்கே விழுந்தால் போதும் (ரப்பர் மரம் பலமான காற்றுக்கு முறிந்துவிடும்), "யாருமே கவனிக்கிறதில்லையா?" என்று எங்களிடமே வந்து கேட்கிறார்கள், எங்கள் கையில் ரம்பம் இருக்கும்போதே. இதற்கிடையில் ஹாஷ் ஓட்டக்காரர்கள் வேறு. 1938ல் இதே கோலாலம்பூரில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய கூட்டம். காகிதத் துண்டுகளைப் போட்டு வழி வைத்து, அதைத் தேடி ஓடுவது அவர்கள் விளையாட்டு. வேண்டுமென்றே பொய்வழியும் வைப்பார்கள். ஒருமுறை ஓடிவந்த ஒருவர் எங்கள் புது வாய்க்காலில் முழங்கால்வரை இறங்கி நின்று, இது பொய்வழியா என்று எங்களிடம் விசாரித்தார். அங்கிள் வாய்க்காலின் சாய்வை அவருக்கு விளக்கத் தொடங்கினார். அவர் ஓட்டத்தைத் தொடர வெகுநேரம் ஆயிற்று.

கடைசியாக, மழைக்குப் பிறகு நடக்க வருபவர்களிடம் ஒரு விண்ணப்பம். கியாராவோ, புக்கிட் காசிங்கோ, கிள்ளானுக்குப் பக்கத்தில் செத்தியா ஆலாமின் ஷா ஆலாம் சமூகக் காடோ, எங்கே போனாலும் பாதையில் சேற்றைக் கண்டால் ஓரமாக ஒதுங்கிப் போகாதீர்கள். நீங்கள் ஒதுங்கினால் ஓரத்துப் புல் சாகும், அடுத்தவர் இன்னும் தள்ளி ஒதுங்குவார், இரண்டு மாதத்தில் ஓரடிப் பாதை லாரி போகிற அகலத்துக்கு வந்துவிடும். தயவுசெய்து சேற்றின் நடுவிலேயே நடங்கள். காலணியை வீட்டில் கழுவிக்கொள்ளலாம். ஞாயிறு காலை ஏழரைக்கு வரமுடிந்தால் இன்னும் நல்லது. மண்வெட்டி நாங்கள் தருகிறோம். பசியாற மட்டும் நீங்களே கொண்டு வந்துவிடுங்கள்.