கோபுரந்தாங்கிகள்: பைசா நகரத்துப் பள்ளிச் சுற்றுலா பற்றி ஓர் ஆய்வு

நம்மூர்க் கோயில் கோபுரங்களில், நிலைக்கு நிலை குந்தியபடி, கன்னம் உப்ப, மேல்நிலையைத் தோளில் சுமக்கும் சுதைப் பொம்மைகள் உண்டு. பொம்மை இல்லாவிட்டாலும் கோபுரம் நிற்கும். பொம்மைக்குத்தான் அது தெரியாது. அதே இனத்தைச் சேர்ந்த, சுதைக்குப் பதில் சதையாலான உயிரினம் ஒன்று இத்தாலியின் பைசா நகரத்தில் கூட்டங்கூட்டமாகத் தென்படுகிறது. அதன் வாழிடம், பழக்கவழக்கம், பயன்மதிப்பு ஆகியவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளிச் சுற்றுலாவை இத்தாலியர் ‘ஜீத்தா ஸ்கொலாஸ்திக்கா’ என்பார்கள். வசந்தம்தான் அதற்குப் பருவம். இரண்டிரண்டு பேராக ஒரு வரிசை. முன்னால் மடக்கிய குடையைத் தூக்கிப் பிடித்த ஆசிரியை. பின்னால் தலையை எண்ணிக்கொண்டே வரும் இன்னொருவர். ஒவ்வொரு முறையும் ஒரு தலை குறையும் அல்லது கூடும். கூடினால் யாரும் கவலைப்படுவதில்லை என்பது எம் கள ஆய்வில் கண்டது.

சாய்ந்த கோபுரம் நிற்கும் சதுக்கத்தில் பேராலயம், திருமுழுக்கு மண்டபம், கல்லறை வளாகம் எல்லாம் இருக்கின்றன. திருமுழுக்கு மண்டபத்துக்கு நிக்கோலா பிசானோ 1260இல் செதுக்கி முடித்த பளிங்குப் பிரசங்க மேடையை இவ்வினம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதே மண்டபத்தில் காவலர் கதவைச் சாத்திவிட்டு நாலு சுரம் பாட, அந்த நாலும் குவிமாடத்தில் சுழன்று ஒரு பாடகர் குழுவாகத் திரும்பி வரும்போது மட்டும் வகுப்பு முழுவதும் வாய் மூடுகிறது. ஆசிரியைகள் அன்று உட்காருவது அந்த ஒரு நிமிடம்தான்.

பிறகு கோபுரம். பிள்ளைகள் புல்வெளி ஓரம் சிதறி, கையை வெறும் காற்றில் நீட்டி நிற்கிறார்கள். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு, சாலையே இல்லாத இடத்தில் இருபது போக்குவரத்துக் காவலர்கள் வண்டியை நிறுத்துவது போலிருக்கும். எமக்கு அருகில் நின்ற சிறுமி, இடக்கையில் உருகும் ஜெலாத்தோ ஐஸ்கிரீமும் வலக்கையில் கோபுரமுமாக இருந்தாள். தோழன் தரையில் குப்புறப் படுத்து, “இன்னும் கொஞ்சம் மேலே, விரல் கோபுரத்துக்குள்ளே போகுது!” என்று அதட்டினான். பச்சை ஜெலாத்தோ முழங்கை வரை வழிந்தது. கோபுரத்தைத் தாங்கிய கை அசையவில்லை.

கணக்கு இது. கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 56 மீட்டர். பிள்ளையின் உயரம் 1.4 மீட்டர் என்று கொண்டால், கோபுரம் 40 மடங்கு. படம் எடுப்பவர் பிள்ளையிலிருந்து 3 மீட்டர் தள்ளியிருந்தால், கோபுரத்திலிருந்து 120 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் சமமாகத் தெரியும். வடிவொத்த முக்கோணப் பாடத்தைக் கொட்டாவியோடு கேட்ட பயல், இங்கே அதை அங்குலம் பிசகாமல் போட்டுக் காட்டுகிறான்.

சரி, இந்தத் தாங்கலால் என்ன பயன்? மற்றவர்கள் செய்த உதவியோடு ஒப்பிட்டால்தான் தெரியும். 1173இல் தொடங்கிய கட்டடம், மூன்று மீட்டர் ஆழ அஸ்திவாரத்தோடு இளகிய களிமண்ணில் நின்றதால், மூன்றாம் நிலையிலேயே அமிழத் தொடங்கியது. போர்களால் வேலை நின்றுபோனதும், இடையில் மண் இறுகியதும்தான் அதைக் காப்பாற்றின. 1838இல் ஒரு கட்டடக் கலைஞர் புதைந்த அடிப்பகுதியைக் காட்டுகிறேன் என்று சுற்றிலும் தோண்டினார், சாய்வு கூடியது. 1934இல் முசோலினி ஆணைப்படி அடித்தளத்தில் துளையிட்டு சிமெண்டுக் குழம்பை ஊற்றினார்கள், இன்னும் கூடியது. 1989இல் பாவியா நகரத்துக் கோபுரம் இடிந்து உயிர்கள் போகவே, 1990இல் பைசாவையும் பூட்டினார்கள். 1995இல் அடிமண்ணைத் திரவ நைட்ரஜனால் உறைய வைத்துப் பார்த்தார்கள். கோபுரம் ராத்திரியோடு ராத்திரியாகத் தெற்கே நகர்ந்தது. இத்தனை பேர் கைவைத்த கோபுரத்தில், கைவைத்தும் ஒரு மயிரிழைகூடக் கேடு செய்யாதவர்கள் பள்ளிப் பிள்ளைகள் மட்டுமே. இந்தப் பெருமையை வரலாற்றாசிரியர்கள் அவர்களுக்கு இதுவரை தரவில்லை.

ஆனாலும் கோபுரந்தாங்கிகளின் முறையில் ஒரு பிழை இருக்கிறது. கோபுரம் சாய்வது தெற்கே. எனவே எல்லாரும் தெற்கே நின்று வடக்கே தள்ளுகிறார்கள். (எதிர்ப்பக்கம் நின்று காலால் உதைத்துத் தள்ளிவிடும் கிளையினமும் உண்டு. பெரும்பாலும் கடைசி வரிசைக்காரர்கள், தனி ஆய்வுக்குரியவர்கள்.) பொறியாளர்களுக்குக் கடைசியில் கைகொடுத்ததோ வடக்குப் பக்கம். 1993இல் அங்கே நூற்றுக்கணக்கான டன் ஈயக்கட்டிகளை அடுக்கினார்கள். பின்னர் அப்பக்கத்து அடிமண்ணிலிருந்து 38 கன மீட்டரைச் சிறுகச் சிறுக உறிஞ்சி எடுத்தார்கள். ஐந்தரை பாகையாக இருந்த சாய்வு சுமார் நான்குக்கு இறங்கியது. 2001 டிசம்பரில் கதவு மறுபடி திறந்தது. அதாவது, கோபுரத்தை நிமிர்த்தியது தள்ளல் அல்ல, தோண்டல்.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் கவனிக்க. மேலே ஏறுமுன் எப்படியும் பைகளை ஒப்படைத்தாக வேண்டும். அவற்றை முதலில் வடபுறம் குவித்து, ஈயத்துக்கு மரியாதையாக ஒரு படம் எடுங்கள். பிறகு பிள்ளைகளை அங்கேயே குந்தவைத்து, ஆளுக்கொரு ஜெலாத்தோக் கரண்டி கொடுத்துத் தோண்டும் பாவனையில் இன்னொன்று. பாவனை போதும். எடுக்க வேண்டிய மண்ணை ஏற்கெனவே எடுத்தாயிற்று.