நாள் கணக்கு

வேடசந்தூர்ப் பக்கம் எங்கள் சிறுவயதில் வாய்ப்புண்ணுக்கென்று யாரும் டாக்டரிடம் போனதில்லை. மருந்து கொல்லையிலேயே முளைத்திருந்தது. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்துக் கொடுப்பார் அம்மா. எரிச்சல் தாங்காவிட்டால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், காரம் தொடக்கூடாது, மோரும் சோறும்தான். கன்னம் வெளியே வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்று கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு உட்கார வைப்பார்கள். பெரும்பாலும் எல்லாம் ஆறிவிடும். சாதாரண வாய்ப்புண் 7 முதல் 14 நாளுக்குள் தானாகவே ஆறிவிடும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. அந்தக் கணக்கு தெரிந்திருந்தால், ஆறாத புண்ணை அடையாளம் கண்டிருப்போம்.

எங்கள் பக்கம் புகையிலை விளையும் மண். அப்பத்தாவின் இடது கன்னம் எப்போதும் சற்றுப் புடைத்தே இருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, மேலே ஒரு கிள்ளுப் புகையிலை. காலையில் அதக்கினால் மத்தியானச் சோற்றுக்குத்தான் துப்புவார். பல் வலித்தாலும் அதே புகையிலைதான் மருந்து. அவர் கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு இருப்பதை அம்மா ஒருநாள் பார்த்துவிட்டார்.

“வலிக்குதா அத்தே?”

“வலிச்சாச் சொல்ல மாட்டேனா? சுண்ணாம்பு பட்டு வெந்திருக்கும். நீ போயி வேலையப் பாரு.”

சுண்ணாம்பு பட்டு வாய் வேகாத ஆள் ஊரில் கிடையாது. பேச்சு அதோடு நின்றது. நாளாக ஆக அந்தத் திட்டு தடித்துக் கட்டியானது. குழம்பு எரிந்தது. வாய் முழுதாகத் திறக்கவில்லை என்று சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக உள்ளே தள்ளினார். வலி வந்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். அதற்குள் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. வாய்ப்புற்று. அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

சென்னை அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை 1954 முதலே இயங்கிவந்தது. ஆனால் வலியில்லாத ஒரு திட்டுக்காகவும் மருத்துவரிடம் போகலாம் என்று எங்கள் திண்ணையில் வந்து சொன்னவர் யாருமில்லை. புகையிலை சேர்க்காத வெற்றிலைப்பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்டது 2004-ல்தான்.

இப்போது அக்கா மகன் சென்னையிலிருந்து போன் செய்கிறான். “சித்தி, கன்னத்துக்குள்ள பச்சைப்பயறு அளவுக்கு ஒரு கட்டி. சாப்பிடறப்ப எல்லாம் கடிபடுது, உயிர் போகுது.” மெடிக்கலில் ஜெல் வாங்கித் தடவியிருக்கிறான். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் போட்டாயிற்று. எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். மூன்று வாரம் இருக்கும் என்றான். மறுநாளே பல் மருத்துவரிடம் போகச் சொன்னேன். மேல் ஞானப்பல் கன்னப் பக்கம் சாய்ந்து முளைத்து உரசிக்கொண்டிருந்தது. பல்லை எடுத்தார்கள், கட்டி வற்றியது. அதோடு விடாமல் இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச்சொல்லிப் பார்த்தார் மருத்துவர். வற்றாமல் இருந்திருந்தால் சதையில் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பேன் என்று அவர் சொன்னாராம்.

கன்னத்துக்குள் வலிக்கும் கட்டிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். கடித்த இடம் தடித்திருக்கும், அல்லது சிறு எச்சில் சுரப்பி அடைபட்டு நீர் கோத்திருக்கும். சாப்பிடும் நேரத்தில் மட்டும் வீங்கி வலித்தால் எச்சில் குழாயில் கல் இருக்கலாம். சொத்தைப் பல்லில் சீழ் பிடித்துக் காய்ச்சலோடு கன்னம் வீங்கினால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இவையெல்லாம் வலியால் நம்மை மருத்துவரிடம் துரத்திவிடும். புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால் நாளைத்தான் எண்ண வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண், போகாத தடிப்பு, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமில்லாத ரத்தக் கசிவு, மரத்துப்போகும் இடம், கழுத்தில் கட்டி என்று எது இருந்தாலும் காட்டிவிட வேண்டும். வாய்க்குள் மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்க முடியாவிட்டாலும் அப்படியே. பாக்குப் போடும் பழக்கத்தால் கன்னத்தின் உட்சதை நாராக இறுகிவிடுகிறது, இறுகியது பழையபடி இளகுவதில்லை. தமிழ்நாட்டில் 2013-ல் குட்கா தடை செய்யப்பட்டும், அப்பத்தா அதக்கியதை இன்று பொட்டலத்தில் வாங்கி அதக்கும் இளைஞர்களைப் பேருந்து நிலையங்களில் பார்க்கிறேன். நெஞ்சு பதறுகிறது.

பார்ப்பதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்று இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. வெறும் கண்ணால் பார்த்ததன் பலன் அது.

உங்கள் வீட்டில் வெற்றிலையோ புகையிலையோ போடும் பெரியவர் இருந்தால், மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கன்னத்தை விலக்கி இருபுறமும் பாருங்கள். தடிப்போ திட்டோ தெரிந்தால் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். “எனக்குத்தான் வலிக்கலையே” என்று அவர் மறுப்பார். அதற்காகத்தான் போகிறோம் என்று சொல்லி, கையோடு அழைத்துப் போங்கள்.