சென்னையில் ஸ்வெட்டர் பின்னுவது எப்படி?

முதலில் ஒரு காரணம் தயார் செய்துகொள்ளுங்கள். 2003 மே மாதத்தில் 45 டிகிரி வெயிலைப் பார்த்த ஊர் இது. மடியில் உல்லன் உருண்டையோடு உட்கார்ந்தால் வீட்டில் கேள்வி வராமல் இருக்காது. செல்லுபடியாகும் பதில்கள் மூன்று: ஊட்டிப் பயணம், மார்கழிக் கச்சேரி அரங்கின் ஏ.சி., நியூஜெர்சியில் பிறக்கப்போகும் பேரக்குழந்தை. மூன்றாவதற்கு மறுபேச்சே கிடையாது.

அடுத்தது நூல். மயிலாப்பூர் மாட வீதியிலோ பாண்டி பஜாரிலோ ஃபேன்சி ஸ்டோருக்குள் போய் "உல்லன் இருக்கா?" என்று கேளுங்கள். "தோரணத்துக்கா மேடம், பொம்மைக்கா?" என்பார் கடைக்காரர். ஸ்வெட்டருக்கு என்றால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். அவர் எடுத்துப் போடும் உல்லனுக்கும் ஆட்டுக்கும் பெரும்பாலும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, அது அக்ரிலிக். வாசல் தோரணத்துக்கு அதுவே போதும். நம் ஊர் முதுகில் ஏற்றினால் வேர்க்குரு நிச்சயம். இங்கேயே போட்டுக்கொள்வதாக இருந்தால் பருத்தி நூல் வாங்குங்கள்.

இனி பேட்டர்ன். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. "15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை" என்ற ஒரே வரியை வைத்து வாசலடைக்கக் கோலம் போடுகிறவர்கள் நாம்; பேட்டர்னும் அதே மாதிரி சுருக்கெழுத்துதான். என்ன, எழுத்துகள்தான் கொஞ்சம் ஏமாற்றும். கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவில் 'டி.சி.' என்று இருந்தால் பள்ளிக்கூடத்தில் வாங்குவது என்று நினைக்காதீர்கள். 'டி.ஆர்.' வந்தால் தாடியும் அடுக்குமொழியும் நினைவுக்கு வரக்கூடாது. முந்தையது டபுள் குரோஷா, பிந்தையது ட்ரெபிள்.

எந்த நாட்டு டபுள் என்பதில்தான் பூகம்பமே இருக்கிறது. கொக்கி ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, நூலை இழுத்து, மறுபடி நூலைச் சுற்றி, இரண்டு வளையத்தையும் ஒன்றாகத் தாண்டுகிறோமே, அந்தக் குட்டைப் பின்னலை அமெரிக்காவில் சிங்கிள் என்கிறார்கள். இங்கிலாந்தில் அதற்கே டபுள் என்று பெயர். அமெரிக்க டபுள், இங்கிலாந்தில் ட்ரெபிள். இப்படியே ஏணி மாதிரி ஒரு படி தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். கான்வென்ட் தையல் வகுப்பில் கற்றுக்கொண்ட மாமியின் கை இங்கிலீஷ்காரக் கை. மருமகள் போனில் அனுப்பும் பேட்டர்னோ அமெரிக்காவிலிருந்து வருகிறது. நெட்டைப் பின்னல் போடச் சொன்ன இடத்திலெல்லாம் கை குட்டையாகவே போடும். குழந்தைக்குப் பின்னிய குல்லா உச்சந்தலையோடு நின்றுவிடும். "அழகா இருக்கும்மா" என்பாள் மருமகள். அதைப் போட்டுக் குழந்தையைப் படம் எடுத்து மட்டும் அனுப்ப மாட்டாள்.

தப்பிக்க வழி உண்டு. பேட்டர்னில் எங்காவது 'சிங்கிள்' என்ற சொல் தென்பட்டால் அநேகமாக அது அமெரிக்கச் சரக்கு. ஊசிக்கும் நாட்டுக்கு நாடு எண் மாறும். மில்லிமீட்டர் ஒன்றுதான் எங்கும் பொய் சொல்லாது.

நட்சத்திரக் குறி வந்தால், அந்தக் குறியிலிருந்து திரும்பத் திரும்பச் செய் என்று பொருள். எட்டுக் கண்ணிக்கு ஒருமுறை திரும்புகிற டிசைன் என்றால் ஆதி தாளம் தெரிந்தவர்களுக்கு யோகம். ஆனால் போடுவதற்குக் கை காலியாக இருக்காது. வாய்விட்டுத்தான் எண்ண வேண்டும். வாசலில் கேஸ்காரர் கூப்பிட்டாலும் வரிசை முடியாமல் எழுந்திருக்காதீர்கள். சிலிண்டர் இன்னொரு நாள் வரும்.

இரண்டு ஊசியில் பின்னும் நிட்டிங்கில் சொற்கள் குறைவு. நிட், பர்ல் என்று இரண்டே பின்னல், அதிலும் ஒன்றின் முதுகுதான் இன்னொன்று. எல்லா வரிசையும் நிட் போட்டால் இரண்டு பக்கமும் மேடு மேடாக வரும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றினால் முன்பக்கம் வழுவழுவென்று வரும், ஓரம் மட்டும் அப்பளம் மாதிரி சுருளும். கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் இரண்டு நிட், இரண்டு பர்ல். கண்ணி நழுவிக் கீழே ஓடினால் அலறாமல், கொக்கி ஊசியால் படிப்படியாக மேலே தூக்குங்கள்.

மாதிரித் துண்டு பின்னிப் பார்க்காதவர்களைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. பத்து சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்று பேட்டர்ன் சொல்கிறது; சுற்றளவு 100 சென்டிமீட்டர் வர 200 கண்ணி. உங்கள் கை இறுக்கமாக இருந்து அதே இடத்தில் 22 விழுந்தால் ஸ்வெட்டர் 91 சென்டிமீட்டரில் முடிந்துவிடும். மாமாவுக்குப் பின்னியது பேரனுக்குப் போகும். பருமனான ஊசிக்கு மாறினால் தீர்ந்தது.

இதையெல்லாம் கேட்டு, வெயில் ஊரில் இது யாருக்கு வேண்டும் என்று யாராவது சிரித்தால் ஒரு கணக்குச் சொல்லுங்கள். சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இண்டியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழு, 2016 ஜனவரி 31 அன்று இதே ஊரில் உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வையை விரித்து கின்னஸில் ஏறியது. பல ஊர்ப் பெண்கள் பின்னியனுப்பியதை இணைத்துச் சேர்த்த போர்வை. பரப்பு 11,148.5 சதுர மீட்டர். நம் கணக்கில் 50 கிரவுண்டு; அடையாறில் அந்த அளவு இடம் என்ன விலை என்று நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும்போது மட்டும் கொக்கி ஊசியை மில்லிமீட்டர் சொல்லிக் கேளுங்கள். "எல்லாம் ஒரே சைஸ்தான் மேடம்" என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.